காற்றுக்கு ஒரு ஊர், வெயிலுக்கு ஒரு ஊர்

1

பக்கத்து வீட்டு உர்சுலா என்னை மறுபடியும் 'நீங்கள்' என்று கூப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன குறை என்று தோன்றும். மரியாதைதானே என்பீர்கள். ஜெர்மன் மொழியிலும் நமக்கு இருப்பது போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. கடைக்காரர், டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருக்கும் 'நீங்கள்'தான். வயதில் மூத்தவர் ஒருவர் தானாக முன்வந்து, இனி 'நீ' என்றே பேசிக்கொள்ளலாம் என்று சொன்னால், அது வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது மாதிரி. எனக்கு அந்தச் சாவி கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு மழை நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையுறையைக் கழற்றி, கையை நீட்டி, "நான் உர்சுலா" என்றார். அவர் பெயர் எனக்கு முன்பே தெரியும். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வேறு என்று என் கணவர் சேகர்தான் அன்று மாலை எனக்கு விளக்கினார்.

கொடுத்த சாவியை இங்கே யாரும் திரும்ப வாங்குவதில்லை. உர்சுலா வாங்கிக்கொண்டார்.

நான் வேலை பார்ப்பது வட ஜெர்மனியில், கடலுக்குப் பக்கத்தில், ஒரு மாவட்ட அலுவலகத்தில். காற்றாலை நிறுவ வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் படித்து, குறைகளை எழுதி, ஊர்க்காரர்களைக் கூட்டி, அவர்களுடைய ஆட்சேபணைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் பிரிவு. திருப்பதியில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு வந்தவளுக்கு இங்கே கிடைத்தது மின்சாரத்தைவிடக் காகிதம்தான் அதிகம். ஓர் ஊரில் ஆறு காற்றாலை வைக்க வேண்டுமென்றால் ஒரு அலமாரி நிறையக் கோப்பு. வௌவால் எத்தனை மணிக்குப் பறக்கிறது, பருந்து எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, இறக்கையின் நிழல் யார் வீட்டு ஜன்னலில் எவ்வளவு நேரம் விழும், எல்லாவற்றுக்கும் அறிக்கை. மனிதர்களுக்கும் ஒரு கோப்பு உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் தடிமனானது.

அப்படி இப்போது வரப்போகும் ஆறு காற்றாலைகளில் ஒன்று, உர்சுலா பிறந்த வீட்டுக்குப் பின்னால் வருகிறது. எங்கள் தெருவிலிருந்து அரை மணி நேரத் தூரம். அந்த வீட்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அவருடைய இரண்டு குதிரைகள் அங்கேதான் மேய்கின்றன. என் மகள் மீரா குதிரை ஏறப் பழகியதும், பள்ளியில் சேரும் முன்பே நல்ல ஜெர்மன் பேசக் கற்றதும் அந்த வீட்டுச் சமையலறையில்.

2

கருத்துக் கேட்புக் கூட்டம் அந்த ஊரின் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து, "இந்த வட்டாரத்தை எங்களுக்கு நன்றாகத் தெரியும்" என்று தொடங்க நினைத்தேன். வட்டாரத்துக்கு அவர்கள் மொழியில் கேகெண்ட். நான் சொன்னது கேக்னர். அதற்கு அர்த்தம் எதிராளிகள்.

"எங்கள் எதிராளிகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. நான் உடனே திருத்தினேன். திருத்தியதை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த உர்சுலா தலையைக் குனிந்து கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு எழுந்து தன் ஆட்சேபணையைப் படித்தார். மின்சாரம் எரிவது பெரிய நகரங்களில், அந்த நகரங்களின் ஆட்கள் விடுமுறைக்கு வந்து காற்றாலை கெடுத்த காட்சியைப் பற்றிப் புலம்புவார்கள், நாங்கள் வருஷம் முழுவதும் அதன் கீழே இருக்க வேண்டும் என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "அம்மையாரே, உங்களுக்கு எங்களைத் தெரியும் என்கிறீர்கள். நல்லது" என்றார்.

இந்த வேலையில் பத்து வருஷமாக நான் பேசிய ஆயிரம் வாக்கியங்களில் அந்த ஒன்றுதான் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது.

மீரா அதைப் படித்துவிட்டு, "நீ சரியாகத்தானே சொன்னாய்" என்றாள், ஜெர்மனில். அவளுக்குப் பதினேழு வயது. பூமி சூடாவதை எதிர்த்து ஊர்வலம் போகிறவள். எதிர்ப்பவர்கள் எல்லோரும் அவளுக்கு எதிராளிகள்தான். உர்சுலாவைத் தெருவில் பார்த்தால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தாண்டிப் போகிறாள். நான் கண்டித்தால், "எங்கள் எதிர்காலத்தைவிட அவளுக்குத் தன் ஜன்னல் பெரிதா?" என்று கேட்கிறாள். தமிழில் அவளோடு சண்டை போட முடிந்தால் நான் ஜெயித்துவிடுவேன். ஜெர்மனில் என் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் மாடி ஏறிவிடுகிறாள்.

3

அந்த வாரம்தான் ஊரிலிருந்து அக்காவின் போன் வந்தது.

காமாட்சி அக்கா இருப்பது ஆந்திராவில், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில், தமிழ் பேசுகிற ஒரு சின்னக் கிராமத்தில். மாமா போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. முதல் தெவசத்துக்கு நான் எப்படியும் வருவதாகச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சுகுணா, நம்ம மேட்டுல சோலார் கண்ணாடி வெக்கப் போறாங்களாம்மே" என்றாள். "ஊரு சச்சிவாலயம் ஆபீசுல காய்தம் ஒட்டிக்கீறாங்க. முழுக்கத் தெலுங்கு. நம்மளுக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெர்ல. வில்லேஜ் ஆபீசரு விஆர்ஓவக் கேட்டா, க்ராமசபா வெப்பாங்க, அப்ப வந்து கேளுங்கன்றாரு."

"நல்லதுதானேக்கா?" என்று வாயில் வந்துவிட்டது. என் வேலையின் பழக்கம்.



"சுத்திக் கம்பி போட்டுட்டாங்கன்னா ஆடு எங்க போவும்? நீ அத்தச் சொல்லு."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னொண்ணு கீது" என்றாள். "அந்தக் கம்பெனிலதான் நம்ம பவானி கீறா. இந்த ஊரு வேலைய அவகிட்டதான் குடுத்துக்கீறாங்க. எங்கம்மா ஊருதான், நான் பேசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துக்கீறா."

பவானி அக்காவின் ஒரே மகள். நான் படித்த அதே படிப்பு. திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி அந்தக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நிலம் பார்ப்பது, ஊர்க்காரர்களோடு பேசுவது, கையெழுத்து வாங்குவது அவள் பொறுப்பு. யோசித்துப் பார்த்தால் நான் இங்கே செய்வதற்கும் அவள் அங்கே செய்வதற்கும் நடுவில் ஒரு மேஜைதான் வித்தியாசம். நான் அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அவள் கம்பெனியின் பக்கம்.

4

ரேணிகுண்டாவில் இறங்கியதும் பவானி ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். என் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, லாரிகளுக்கும் மலைக்குப் போகிற வேன்களுக்கும் நடுவில் என்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். இலை போட்டு முடிப்பதற்குள் மூன்று போன் பேசினாள். தெலுங்கு, இங்கிலீஷ், கடைசியில் ஓட்டுநர் ஒருவரிடம் நம் தமிழ். ஒன்றிலும் அவள் தடுமாறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்.

"சின்னம்மா, அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள். "நான் சொன்னா, கம்பெனிக்காரி பேசறான்றாங்க. நீங்க ஃபாரின்ல இதே ஃபீல்டு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"மேடு முழுசும் எடுக்கணுமா?"

"டிசைன் அப்டி. ஐதராபாத்துல போட்டது." பையிலிருந்து பிளாஸ்டிக் ஒட்டிய ஒரு வரைபடத்தை எடுத்து இலைக்கு மேலே பிடித்துக் காட்டினாள். எங்கள் ஊர் ஒரு கட்டைவிரல் அளவு. மேடு முழுக்க மஞ்சள். "நம்ம கெணத்து மோட்டாருக்கு இப்ப பகல்லயே கரண்ட் வந்துக்கினு கீது. முன்ன மாதிரி பாம்புக்குப் பயந்துக்கினு இருட்டுல தண்ணி பாய்ச்சப் போறதில்ல. அந்தக் கரண்டு எங்கேருந்து வருது? எங்கயோ ஒரு ஊரு மேட்டுலேருந்துதான வருது. அவங்களும் வேணாம்னு சொல்லியிருந்தா?"

நான் இந்தக் கேள்வியைத் தீயணைப்பு நிலையத்தில் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். என்னிடமே யாராவது கேட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன்.

"அம்மா தப்பா சொல்லலன்னு எனக்கும் தெரியும்" என்றாள் பவானி, இலையை மடித்துக்கொண்டே. "ஆனா இந்த ஒரு சைட்ட முடிச்சுக் குடுத்தாதான் வேலைய பர்மனெண்ட் பண்ணுவாங்க."

5

புத்தூரில் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை அக்கா என்னை மேட்டுக்குக் கூட்டிப் போனாள். கூட்டிப் போனாள் என்பதைவிட ஆட்டோடு சேர்த்து ஓட்டிப் போனாள் என்பது பொருத்தம். பதினெட்டு ஆடுகள். நான் வெள்ளைக் காலணியோடு கடைசியில்.

மேட்டை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. படிப்பு, பஸ், திருப்பதி என்று அதற்கு முதுகைக் காட்டியே வளர்ந்தவள். அக்கா நடந்துகொண்டே காட்டினாள். இந்தச் சரிவில் ஆடு கடிக்கிற சூரச்செடியும் காரச்செடியும். மழைக்கு அப்புறம் இரண்டு மாதம் துத்தி. கிழக்குப் பக்கம் முழுக்கச் சீத்தாமரம். யாரும் நட்டதில்லை. பழம் விடும் காலத்தில் ஊரில் பாதிப் பெண்கள் விடியும்போதே கூடையோடு ஏறிப் பறித்து, புத்தூருக்குப் போய் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள். அதற்குக் கீழே ஒரு ஓடை. வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் ஓடும். அந்தப் பத்து நாள் தண்ணீர்தான் கீழே இருக்கும் நாலு கிணற்றுக்கு ஊற்று.

"மேக்கால பாறைதான். அங்க ஒண்ணியும் மொளைக்காது. அங்க வெச்சுக்கட்டும், யாரு வாணான்னா?" என்றாள். "எவனாவது வந்து எங்களக் கேட்டானா? கேட்டா இந்தப் பக்கம் விட்டுட்டு அந்தப் பக்கம் போங்கன்னு கைய நீட்டியே காட்டியிருப்போம்."

"பவானி வந்து பார்த்தாளா?"

"கார்ல வந்தா. அந்த மேனேஜரோட. கீழ நின்னுக்கினு போட்டோ புடிச்சுக்கினு பூட்டா. ஊட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போன்னேன். டைம் இல்லன்னுட்டா." அக்கா ஒரு சீத்தாப்பழத்தைத் திருகிப் பறித்து, கனிந்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து என்னிடம் கொடுத்தாள். "துன்னு. கூட்டத்துல நீ எழுந்து, வாணாம்னு சொல்லணும். ஃபாரின்ல இருக்கிறவ சொன்னா மதிப்பாங்க."

இரண்டு நாளில் இரண்டு பேர் என்னிடம் ஒரே வாக்கியத்தைக் கேட்டுவிட்டார்கள், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து. பழம் கையில் பிசுபிசுத்தது. துடைக்க எதுவும் இல்லாமல் அப்படியே இறங்கி வந்தேன்.

6

க்ராமசபா சச்சிவாலயத்துக்கு முன்னால், காலை பத்து மணிக்கு. ஷாமியானா போட்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் சர்பஞ்ச், விஆர்ஓ, கம்பெனி மேனேஜர் மூவரும் மேஜைக்குப் பின்னால். பவானி பக்கத்தில் நின்றாள். பெண்கள் ஒரு பக்கம் தரையில். அக்கா முன்வரிசை.

விஆர்ஓ தெலுங்கில் நோட்டீஸைப் படித்தார். பஸ்ஸில் ஊர்ப்பெயர் சொல்லும் கண்டக்டர் வேகம். பிறகு பவானி வரைபடத்தை ஒரு மரப்பலகையில் மாட்டி, தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். வேலைக்கு ஊர் ஆட்களை எடுப்பார்கள், தெருவுக்கு விளக்கு, பள்ளிக்கூடத்துக்குச் சுவர். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாய் மகளை மேடம் என்கிறாள் என்று சர்பஞ்சுக்கே சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை.

"இந்த மேப்புல மஞ்சக் கலரு அடிச்சுக்கீறீங்களே, அது இன்னா மேடம்?"

"அது பஞ்சரு பூமிம்…" என்ற பவானி 'அம்மா'வை முழுங்கினாள். "ஒண்ணும் வெளையாத நெலம். யூஸ் இல்லாதது."

"அந்த மேட்டுல ஆட்ட மேச்சுத்தான் உங்களோட அம்மா உங்கள இஞ்சினீரிங் படிக்க வெச்சாங்க. அப்ப யூஸ் இருந்துச்சே, மேடம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.  பவானி வரைபடத்தின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, "அத யாரும் மேப்புல எழுதல" என்றாள்.

மேனேஜர் சமாளிக்கப் பார்த்தார். என்னை முன்பே பவானி அறிமுகம் செய்திருந்தாள். "இந்த ஊரு பொண்ணு, ஜெர்மனியில் இதே துறையில் பெரிய ஆபீசர்" என்று தெலுங்கில் சொல்லி, "மீரு செப்பண்டி, மேடம்" என்று என்னைப் பேசச் சொன்னார்.

எழுந்தேன். மூன்று மொழியும் நாக்கில் ஒன்றாக வந்து நின்றன. ஒரு மாதம் என்று சொல்வதற்கு ஜெர்மன் வார்த்தை முந்திக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டுத் தமிழிலேயே பேசினேன். எங்கள் மாவட்டத்தில் இந்த மாதிரித் திட்டம் வந்தால், அந்தக் காகிதமெல்லாம் ஒரு மாதம் எல்லோரும் படிக்கிற மாதிரி, படிக்கிற மொழியில் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். எழுதிய ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை எழுதுகிற வேலைதான் நான் செய்வது. அதற்காக என்னைத் திட்டுகிறவர்களும் உண்டு, என் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்தே ஆகவேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மேட்டில் ஏறாமல் மேட்டுக்கு வரைபடம் போட முடியாது. ஒரு மாத அவகாசம் கேளுங்கள். தமிழில் எழுதிக் கேளுங்கள். ஆடு மேய்க்கிறவர்களோடு எல்லையை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "உங்க ஊருல ஜனங்க வாணாம்னா நின்னுடுமா?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. "பெரும்பாலும் நிக்காது" என்றேன். "பதில் மட்டும் எழுதித் தருவாங்க."

"அந்த பதில வெச்சுக்கினு இன்னா பண்றது?"

"கோர்ட்டுக்குப் போலாம்."

அவள் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் உட்கார்ந்துகொள்ளத்தான் தோன்றியது.

ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் சர்பஞ்ச் தீர்மானம் எழுதச் சொன்னார். ஒரு மாதம் தள்ளிவைப்பது. நோட்டீஸ் தமிழிலும் தருவது. எல்லையை ஊர்க்காரர்களோடு நடந்து குறிப்பது. மேனேஜர் முகம் கொடுக்காமல் காரில் ஏறினார். பவானி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பின்சீட்டில். என்னைத் தாண்டும்போது, "நீங்க ஒண்ணுமே பேசாம இருந்திருக்கலாம், சின்னம்மா" என்றாள்.

7

இரண்டு நாள் கழித்து மாமாவின் தெவசம். ஐயர் வந்து பிண்டம் வைத்து முடிக்கும்வரை பவானியைக் காணோம். அக்கா வாசலைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, கழற்றி வைக்கத் தோன்றவில்லை போல. அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். இலையில் உட்கார்ந்தாள். அக்கா எல்லோருக்கும் பரிமாறியது போலவே அவளுக்கும் பரிமாறினாள். வடையை மட்டும் இரண்டு வைத்தாள். 

கை கழுவப் போன இடத்தில் அவர்கள் பேசினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது.

"என்ன மேடம்னு கூப்புட்டியே."

"நீ மேடமாதான நின்னுக்கினு இருந்த."

"எனக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா?"

"எனக்கு?" என்றாள் அக்கா. மகள் கையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

நான் கிளம்புகிற அன்று அக்கா பஸ் வரை வந்தாள். பவானி நான் பேசியதில் வருத்தப்படுகிறாள் என்று சொன்னேன். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன், இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது.

"நானும்தான் வருத்தப்படறேன்" என்றாள். "வாணாம்னு ஒரு வார்த்த சொல்லச் சொன்னேன். நீ ரெண்டு பக்கமும் நல்லவளா இருக்கப் பாத்த. போய்ட்டு வா."

சென்னை விமானம் வரைக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்பு தேடிக்கொண்டு போனேன். நல்லவளாக இருக்கப் பார்த்தேனா, உண்மையைச் சொன்னேனா? இரண்டும் எப்போது ஒன்றாக இருக்கும், எப்போது வேறாகும்? அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த பயிற்சியில் இதெல்லாம் இல்லை.

8

திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, உர்சுலாவின் அழைப்பு மணியை அழுத்தியது. நீங்கள் பிறந்த வீட்டின் பின்புறத்தை என்னோடு நடந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அலுவலகச் சார்பாகவா என்று கேட்டார். ஆமாம், வேறு எந்தச் சார்பும் எனக்கு இப்போது இல்லையே என்றேன். குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

அங்கே போய் இரண்டு மணி நேரம் நடந்தோம். ஈரப் புல், சேறு, குதிரைகள். எங்கள் வரைபடத்தில் ஒரு பச்சைக் கோடாக இருந்தது, அங்கே ஒரு வரிசை ஓக் மரங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம் அவருடைய அப்பா நட்டவை. காற்றாலையை எண்பது மீட்டர் தள்ளி வைத்தால் அந்த மரங்களையும் தொட வேண்டியதில்லை, ஜன்னல் நிழலும் பாதியாகும். நான் குறித்துக்கொண்டேன். உர்சுலா 'நீங்கள்' என்றே பேசினார். ஒருமுறை மட்டும், நான் சேற்றில் வழுக்கியபோது, "பார்த்து வா" என்று 'நீ'யில் கத்தினார். பிறகு அதைக் கவனித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார். எண்பது மீட்டர் தள்ளினால் வௌவால் அறிக்கை, நில அறிக்கை, அடித்தள அறிக்கை எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்றார். இதை முதலிலேயே நடந்து பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். என்னைத்தான் சொன்னார், நியாயம்தான். அனுமதி கொடுத்தாகிவிட்டது. நிழல் விழும் நேரத்தில் காற்றாலை நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. உர்சுலா வழக்குப் போட்டிருக்கிறார். ஆட்சேபணைக்கு அவருக்கு அனுப்பிய பதிலில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

மீராவிடம் முழுக் கதையையும் சொன்னேன். மேடு, மேடம், ஓக் மரம் எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "அப்படியானால் யார் சொன்னது சரி?" என்றாள். தெரியவில்லை என்றேன். "அது ஒரு பதில் இல்லை, அம்மா" என்றாள். அந்த 'அம்மா' மட்டும் தமிழில் வந்தது. மறுநாள் ஊர்வலத்துக்குப் பலகை எழுத உட்கார்ந்தவள், எதுவும் எழுதாமல் வெறும் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போனாள்.

9

ஊரில் மறுபடி க்ராமசபா கூடியது. மேற்குப் பாறைப் பக்கத்தை மட்டும் கொடுப்பதென்று தீர்மானம் ஆகியிருக்கிறது. கம்பெனி அதற்கு ஒத்துக்கொண்டதா என்று இன்னும் தெரியாது. ஃபைல் சித்தூர் கலெக்டர் ஆபீசில் இருக்கிறது. பவானிக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அவளை அந்த சைட்டிலிருந்து எடுத்து, அனந்தபுரம் பக்கம் வேறொரு கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது.

போன வாரம் அவளிடமிருந்து போன். நான்கு மாதத்துக்குப் பிறகு. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"சின்னம்மா, உங்க ஆபீசுல ஜனங்க ஆட்சேபணை எழுதறாங்களே, அந்த ஃபாரம் எப்டி இருக்கும்? எனக்குத் தெலுங்குல வேணும். இங்க நான் முன்னாடியே நெலத்த நடந்து பாத்துட்டேன். மேனேஜருக்குத் தெரியாது. மீட்டிங்குக்கு முந்தி ஊர்க்காரங்ககிட்ட எழுதி வாங்கணும்."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆனா ஆவட்டும்" என்றாள். அக்காவின் குரல் அப்படியே.

சனிக்கிழமை முழுவதும் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன் அரசாங்கத்தின் மொழியை நம் மொழிக்குக் கொண்டுவருவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. முதல் கேள்வியே, 'உங்களுடைய எந்த உரிமை எந்த வகையில் பாதிக்கப்படுகிறது?' முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுத் தெலுங்குக்குப் போகலாம் என்று நினைத்தேன். நாலு விதமாக எழுதினேன். எதைப் படித்தாலும் விஆர்ஓ நோட்டீஸ் மாதிரியே இருந்தது. வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாப்பில் பிரிந்ததற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பவானி கேட்டாள் என்று சொன்னேன். போனில் ஆட்டின் கழுத்து மணி கேட்டது.

"அவளா கேட்டா?"

"ஆமாக்கா."

"நடந்து பாத்தாளாமா?"

"பார்த்தாளாம். மேனேஜருக்குத் தெரியாம."

"கேள்வியப் படி" என்றாள். படித்தேன்.

"உரிமை கிரிமையெல்லாம் எங்களுக்கு இன்னா தெரியும்? நீ அங்க தெனம் இன்னா பண்றேன்னு கேளு. எத்தினி மணிக்குப் போற, எந்த வழியாப் போற, யாரு கூட வராங்கன்னு கேளு. சொல்லுவாங்க. ஒரு பக்கம் பத்தாது, பின்னால வெறுங்காய்தம் ரெண்டு சேத்து வெய்யி."

நான் தட்டச்சு செய்துகொண்டே, "இரு, இரு" என்றேன்.

"எழுதிக்கினியா? அடுத்தது படி" என்றாள் அக்கா.